பரணில் வைத்த செருப்பு

1

என் காலணிகள் இப்போது எதிர்வீட்டு ஃபிரிட்ஜின் தலைமேல் இருக்கின்றன. நான் அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையில் கிடந்த மகளின் பள்ளித் தாள்களில் இதை எழுதுகிறேன். எதிரே தாழ்வான முக்காலி ஒன்றில் இந்த வீட்டு மாமியார் அமர்ந்து, இமை தட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவருக்குத் தெரியாது.

அவருடைய மருமகள் மாய் நிறைமாதக் கர்ப்பிணி. இன்று முற்பகலில் அவளுக்கு இரத்தப்போக்கு கண்டது. எங்கள் தெருமுனைக்கு வாரந்தோறும் வரும் வெள்ளை நிற மருத்துவ வண்டி, அவளையும் அவள் கணவனையும் ஏற்றிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. அவள் திரும்பும்வரை, அல்லது அவளைப் பற்றி ஒரு சேதி வரும்வரை, நான் இந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லால் கொடுத்த வாக்கு இல்லை. காலணிகளைக் கழற்றிக் கொடுத்த வாக்கு.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் வரும்போது எழுதுவது என் பழைய வழக்கம். அமெரிக்காவில் உனக்கென்ன பயம் என்று ஊரிலிருந்து கேட்பீர்கள். கடிதங்களில் நீங்கள் கேட்பது பனியைப் பற்றியும் கார்களைப் பற்றியும்தான். நானும் அவற்றைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன்.

கலிபோர்னியாவின் நடுவே, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊருக்கு நாங்கள் வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் பழம் பதப்படுத்தும் ஆலையில் இயந்திரம் பார்க்கிறார். ஊரில் நான் நர்ஸ், இங்கே இல்லை. என் சான்றுகள் முத்திரையிட்ட உறையில் வரவேண்டும் என்றார்கள். உறை வந்தது. அது என் வீட்டு முகவரிக்கு வந்ததால் செல்லாது என்றார்கள். நேராக அவர்களுக்கே அனுப்பும்படி எழுதினேன். அதற்குள் நான் படித்த பள்ளியின் பெயர் மாறிவிட்டது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றுதான் என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டுமாம். அந்த விளக்கம் இன்னும் ஏதோ ஒரு கடலின்மேல் இருக்கிறது. அதுவரை முதியோர் இல்லம் ஒன்றில் படுக்கை விரிப்புகளை மாற்றுகிறேன்.

2

மாயின் குடும்பம் லாவோஸ் நாட்டு மலைகளிலிருந்து, போருக்குப் பின் ஆறு கடந்து, முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தது. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். வெள்ளை வண்டி தெருமுனையில் வந்து நின்றதும் அவர்கள் வீட்டுத் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். விளையாடும் பிள்ளைகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அவர்கள் கண்ட வண்டிகள் ஆட்களை ஏற்றிப் போனவை; திருப்பிக் கொண்டுவந்தவை அல்ல.

அந்த வண்டியை வரவழைத்தவர் எங்கள் வட்டாரத்தின் சட்டமன்ற உறுப்பினர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. காப்பீடு இல்லாதவர்களுக்குக் கட்டுப்படியாகும் வைத்தியம், கூரை ஒழுகாத வாடகை வீடு என்று தலைநகரில் ஓயாமல் வாதாடுகிறவர். சென்ற மாதம் பள்ளி மண்டபத்தில் கூட்டம் நடத்தி, “வண்டியைக் கொண்டுவந்தேன், ஏன் ஒருவரும் வருவதில்லை?” என்று மனம்விட்டுக் கேட்டார்.

நான் எழுந்தேன். பதில் எனக்குத் தெரியும் என்று தோன்றியது. ஆனால் என் ஆங்கிலம் பதற்றத்தில் தலைகீழாகிவிடும். அவர்கள் வண்டியைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்று சொல்ல நினைத்து, வண்டி அவர்களைக் கண்டு அஞ்சுகிறது என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு பரவியது. பக்கத்தில் இருந்த என் மகள் ஷீலா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, “அம்மா, உட்காரு, ப்ளீஸ்” என்றாள். அவளுக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்பவள், என்னை உட்காரவைக்க மட்டும் தமிழைத் தேடி எடுத்தாள்.

உறுப்பினர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, எப்போது வேண்டுமானாலும் அலுவலக நேரத்தில் அழையுங்கள் என்று தம் அட்டையைக் கொடுத்தார். நல்ல பெண்மணி. நான் அன்று சொல்ல நினைத்ததைச் சொல்ல ஒரு மலையே வேண்டும். ஜவ்வாது மலை.

3

எனக்கு முதல் வேலை அந்த மலைமேல் ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்தில். கண்ணமங்கலத்தில் எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தின்போது மலைப் பேருந்துக்காகத் தனியாக ஒரு வேண்டுதல் வைப்பார்கள், வளைவுகள் அப்படி. ஆனால் மலையில் நான் கண்ட பயம் வளைவுகளைப் பற்றியதல்ல.

நெருக்கடி நிலை முடிந்த மறு ஆண்டு அது. அதற்கு முன்பு, கருத்தடை முகாம்களுக்கு ஆள் சேர்க்க ஒரு சாம்பல் நிற ஜீப் மலை ஊர்களுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. எனக்கு முந்திய காலம். யார் அனுப்பினார்கள், யார் போனார்கள் என்று எவரும் வாய்திறந்து சொன்னதில்லை. “கீழ கூட்டிம்போய் அறுக்கிறாங்க” என்ற ஒரு வாக்கியம் மட்டும் ஊர் ஊராக நின்றது. முகாம்கள் ஓய்ந்தன, வாக்கியம் ஓயவில்லை.

மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குச் சேதியைக் கூவித்தான் சொல்வார்கள். கரடி இறங்கினால் கூவலை இரண்டாக உடைப்பார்கள். ஜீப் வந்தால் உடைக்காமல் ஒரே மூச்சில் நீட்டுவார்கள். அந்த நீண்ட கூவலை நான் முதன்முதலாகக் கேட்டபோது யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்தேன். நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது ஊரில் மனிதர் இல்லை. அடுப்பில் சாமை கொதித்துக்கொண்டிருந்தது. தூளியில் குழந்தை இருந்த சூடு துணியில் இருந்தது, குழந்தை இல்லை.

4

அந்த மலைக்கும் அடிவாரத்துக்கும் சேர்த்து அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்தவரைத் தணிகாசலம் என்று அழைக்கிறேன். அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். வேட்டி வெள்ளையாக இருக்கும். நகக்கண்களில் மட்டும் மசகு போகாது. தம் கடையிலேயே அறுத்துத் தைத்த டயர் செருப்புத்தான் போடுவார். “இத்த தேய்க்க மலையாலயே முடியாது” என்று பெருமை பேசுவார்.

மலை மக்களுக்கென்று அரசு கட்டித்தந்த வீடுகளை அவர் பார்க்கவந்த நாள் நினைவிருக்கிறது. புளியம்பாறை என்ற ஊரில் வரிசையாக ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஆடு கட்டியிருந்தது. மனிதர்கள் பக்கத்திலேயே தங்கள் பழைய புல்வேய்ந்த வீடுகளில் இருந்தார்கள்.

“இன்னா கவுண்டரே, ஆட்டுக்கா கட்டிக் குடுத்தோம் வூட்ட?” என்று ஊர்க்கவுண்டர் சின்னாண்டியைக் கேட்டார்.

“ஆடு ஒண்ணும் கொற சொல்லலீங்க. நல்லாத்தான் கீதுன்னுது” என்றார் கவுண்டர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தணிகாசலம் சிரித்து முடித்தபிறகு, “சரி, நீங்க ஏன் போவல? அத்தச் சொல்லுங்க” என்றார்.

“பரண் எங்கீங்க? சாமையக் கொட்டி வெக்கப் பரண் வேணும். கீழ அடுப்புப் பொகையணும், மேல தானியம் காயணும். இந்த வூட்டுல ஆளு படுத்துத் தூங்கலாம். சாமை பூச்சி புடிச்சுப்பூடும்.”

தணிகாசலம் ஒரு பழைய வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, பரணை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். வெளியே வந்ததும் என்னிடம், “நர்சம்மா, மெட்ராசுல ஒருத்தனுக்கும் இது தெரியாது. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்” என்றார்.

அந்த ஆண்டு சட்டசபைக் கூட்டத்தில் அவருக்குப் பேச ஒரு முறை கிடைத்திருந்தது. மூன்று கோரிக்கைகள் வைத்திருந்தார்: பரண் வைத்த வீடு, புளியம்பாறை வழியாகச் சாலை, மலைக்கென்று நிரந்தரமாக ஒரு மருத்துவ ஜீப். ஜீப் ஒன்றை எங்கிருந்தோ கெஞ்சி, தற்காலிகமாக வாங்கிவந்திருந்தார். மூச்சுத்திணறும் கிழவர்களையும் பிரசவ வேதனையில் இருப்பவர்களையும் கழியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு காடு இறங்கிய காலம் முடிந்தது என்று மகிழ்ந்தார்.

ஜீப் சாம்பல் நிறம். அதை நாங்கள் இருவரும் கவனித்திருக்கவில்லை.

5

மாமியார் எழுந்தார். சன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கித் தெருவைப் பார்த்தார். மீண்டும் வந்து முக்காலியில் அமர்ந்தார். சுவரில் தொலைபேசி பேசாமல் இருக்கிறது.

முற்பகலில் இவர் கதவில் குறுக்கே கை நீட்டி நின்றார். வண்டியோடு வந்த நர்ஸ் தவறாக ஒன்றும் செய்யவில்லை, பொறுமையாக விளக்கினாள், கையெழுத்துக்குத் தாள் நீட்டினாள். தாளைப் பார்த்ததும் இவர் கை இன்னும் இறுகியது. பின்னால் மாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வேலைக்குப் புறப்பட்டுப் படியிறங்கியவள் அப்படியே நின்றேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

6

புளியம்பாறையில் சடைச்சி என்ற பெண்ணுக்குப் பிரசவ வேதனை. முதல் இரண்டு குழந்தைகளும் பிறந்து தங்கவில்லை. இது மூன்றாவது. அவள் கணவன் வெள்ளையன் காலையில் ஜமுனாமரத்தூர் வந்து என் முன்னால் நின்றான். “நேத்துலருந்து வலிங்க. கை மட்டும் வெளிய வந்துகீது” என்றான். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று புரிந்தது. அப்படிப்பட்ட பிரசவத்தை மலையில் வைத்துப் பார்க்க முடியாது. கீழே கொண்டுபோய் வயிற்றைத் திறந்துதான் எடுக்கவேண்டும்.

அன்று வாரச் சந்தை. தணிகாசலம் அங்கேதான் இருந்தார். “ஏறுங்க, நானும் வர்றேன்” என்றார்.

ஜீப் கடைசி மேட்டில் ஏறும்போதே அந்தக் கூவல் கேட்டது. ஒரே மூச்சில், உடையாமல். வெள்ளையன் எழுந்து நின்றான். ஓடுகிற வண்டியிலிருந்தே கையை ஆட்டி, “நான்தான்! நான்தான் இட்டாந்தேன்!” என்று கத்தினான். இரைச்சலில் அது யார் காதில் விழும்?

ஊரில் ஒருவரும் இல்லை. சடைச்சி படுத்திருந்த பாயில் இரத்தம் இருந்தது, அவள் இல்லை. காப்பாற்ற வந்த வண்டியின் சத்தம் கேட்டு, காப்பாற்ற வேண்டியவளைத் தூளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அந்த மலையைத் தவிர வேறெங்கும் அப்படி நடந்திருக்காது என்று அன்று நினைத்தேன்.

தணிகாசலம் ஓட்டுநரிடம், “வண்டியத் திருப்பி ஏரிக்கரையாண்ட கொண்டும்போய் நிறுத்து. சத்தம் கேக்கக் கூடாது” என்றார். இயந்திர ஓசை தேய்ந்து மறைந்தபின், ஊர்நடுவே வெறுந்தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வெள்ளையன் மட்டும் நின்றபடி காட்டைப் பார்த்துக் கூவினான்.

முதலில் ஊர்க்கவுண்டர் வந்தார். பின்னால், கையில் அரிவாளோடு ஒரு பெண். வெள்ளையனின் அண்ணன் மனைவி பொன்னி. மேட்டில் நின்று கூவியவள் அவள்தான்.

“வெள்ளையா, பொண்டாட்டிய அறுக்க நீயே ஆள் இட்டாந்தியா?” என்றாள்.

“இல்ல அண்ணி, நர்சம்மா நல்லவங்க…”

“அவங்களும் நல்லவங்களாத்தான் வந்தாங்க.”

நான் சொன்னேன்: “பொன்னி, குழந்த குறுக்க கெடக்குது. இங்கயே வெச்சிருந்தா ரெண்டு உசிரும் போயிடும். ஆஸ்பத்திரிக்குப் போனா பொழைக்க வழி இருக்குது.”

“போனா வயித்துல கத்தி வெப்பாங்களா மாட்டாங்களா? நெஜத்தச் சொல்லுங்க.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “வெப்பாங்க. குழந்தைய எடுக்க. அதுக்கு மட்டும்தான்.”

ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். தணிகாசலம் எழுந்து, “கவுண்டரே, நான் சொல்றேன். என் பேர்ல போவட்டும். வேற எதுவும் நடக்காது” என்றார்.

பொன்னி அவர் காலைப் பார்த்தாள். “வாய்ச் சொல்லு வாணாம். செருப்பு வெக்கச் சொல்லுங்க” என்றாள்.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ஊருக்கிடையே பேச்சு நம்பமுடியாமல் போகும்போது, ஒருவர் பிணையாக எதிர் ஊரில் தங்குவார். அவர் செருப்பைக் கவுண்டர் வீட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள். சொன்னது நடந்து முடியும்வரை செருப்பு இறங்காது. காவல் கிடையாது, கட்டு கிடையாது. ஆனால் பிணையிருப்பவர் ஊர் எல்லையைத் தாண்டினால் அவர் சொல் அந்த மலையில் அத்தோடு செத்தது. பிணையாளுக்குத்தான் அந்த வீட்டில் முதல் சோறு.

தணிகாசலம் என்னைப் பார்த்தார். “எவ்ளோ நாளு ஆவும்மா?”

“தையல் பிரிக்கிற வரைக்குங்க.”

“எனக்குச் சபை இருக்குதே.” அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

“அப்பப் போங்க சாமி” என்றாள் பொன்னி. “சபைக்குப் போங்க. எங்க காட்டுல எங்க பொண்ணு சாவட்டும்.”

காட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. மிக அருகில்தான் வைத்திருந்தார்கள். தணிகாசலம் குனிந்து டயர் செருப்புகளைக் கழற்றினார். ஒன்றோடொன்று தட்டி, மண்ணை உதறி, கவுண்டரிடம் நீட்டினார்.

7

மலை இறங்கும் வழியெல்லாம் சடைச்சியின் தலை என் மடியில். கண் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: “எம்மெல்லே இருக்காராக்கா?” இருக்கிறார் என்றேன். அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இவள் வழியில் இறந்துபோனால் மேலே அந்த மனிதருக்கு என்ன ஆகும்? யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் கெட்டவர் அல்லர். கைகழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “சிஸ்டர், ரெண்டு போயாச்சு. இதுவும் கத்தி. இன்னொரு தரம் வந்தா இந்தப் பொண்ணு தாங்காது. வயித்தத் திறக்கறோம் இல்ல, அதோட குழாயையும் கட்டிடலாம். அவளுக்கே நல்லது.”

“அவளக் கேக்கணும் டாக்டர்.”

“வலியில கெடக்கறவளயா? அவ என்ன சொல்லுவா? அவளுக்குத் தெரியவே தெரியாதும்மா.”

தெரியவே தெரியாது. அவர் மருத்துவர், நான் மலை நர்ஸ். அவர் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். மருத்துவப்படி அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் ஒரு பரண் தெரிந்தது.

“டாக்டர், எம்.எல்.ஏ. மேல பிணையா உக்காந்திருக்காரு. செருப்பக் கழட்டிக் குடுத்துட்டு. இவ எப்படி வந்தாளோ அப்படித் திரும்பணும்.”

அவர் சோப்புக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்ன சொல்றீங்க?”

மறுபடியும் சொன்னேன். தண்ணீரை நிறுத்தினார். பிறகு அவரே சடைச்சியிடம் போய்க் குனிந்து, தெளிவாக, எளிய தமிழில் கேட்டார். அவள் வலியின் இடையே அவரை நேராகப் பார்த்து, “வாணாங்க” என்றாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். குழந்தையை மட்டும் எடுத்தார். பெண் குழந்தை, நீலம் பாரித்திருந்தது, வெகுநேரம் கழித்து அழுதது.

8

தையல் பிரித்து நாங்கள் மலையேறியபோது ஜீப்பை ஏரிக்கரையிலேயே நிறுத்தி நடந்தோம். தணிகாசலம் கவுண்டர் வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்றார். தாடி வளர்ந்திருந்தது. சபையில் அவருடைய முறை வந்துபோன நாளில் அவர் புளி உலுக்கப் போனவர்களோடு மரத்தடியில் இருந்தார் என்று பின்னால் அறிந்தேன். சடைச்சியின் கையில் குழந்தையைப் பார்த்ததும் இரண்டடி முன்னே வந்தார். ஆனால் செருப்பு இறங்கவில்லை.

பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை ஊருக்கு வெளியே ஒதுக்குக் குடிசையில் தங்கவேண்டும். பெண்கள் அவளை அங்கே அழைத்துப் போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தார்கள். நானும் உள்ளே இருந்தேன். வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு, இன்னும் சிவப்பாக.

ஒருத்தி கத்தினாள். “அறுத்துட்டாங்க!” வெளியே அது ஓர் அலையாகப் போனது. ஆண்களின் குரல்கள் எழும்பின. தணிகாசலத்தைச் சுற்றி ஆட்கள் நெருங்குவது குடிசையின் இடுக்கு வழியாகத் தெரிந்தது. குழந்தையை எடுத்த தழும்பு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். யார் காதிலும் ஏறவில்லை. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் அறிந்ததில்லை.

அப்போது பொன்னி மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். சடைச்சியின் பக்கத்தில் நின்றாள். தன் சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி, அடிவயிற்றைக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லாத, குறுக்கே இழுத்த, பழுப்பேறிய ஒரு கோடு.

“அவங்க போட்டது இது” என்றாள். “இவளுக்குப் போட்டது வேற. பாத்துக்கோங்க.”

சடைச்சி, “அக்கா…” என்றாள். அவர்கள் வீட்டில் பொன்னிக்கு ஒரே மகன். அடுத்தது ஏன் உண்டாகவில்லை என்று ஊரே இரண்டு ஆண்டுகளாக அவளைக் கேலி பேசியிருக்கிறது. கிடாய் வெட்டிப் பூசை போட்டிருக்கிறார்கள். அவள் புருஷனுக்கே தெரியாது.

சந்தைக்குப் போனவளை, காய்ச்சலுக்கு ஊசி போடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனதாம் வண்டி. திரும்பி வந்து ஒருவரிடமும் சொல்லாமல், மேட்டில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஆடு மேய்க்கிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் ஊருக்குக் காவல் இருந்தாள்.

பொன்னி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். “கவுண்டரே, செருப்ப எறக்குங்க. சொன்னபடி வந்துட்டா” என்றாள். கவுண்டர் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

செருப்பை வாங்கிய தணிகாசலம் அதைக் காலில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரை ஒதுக்கி அழைத்து, பொன்னியின் அனுமதியோடு, சொன்னேன். அவர் அவளிடம் போனார்.

“எந்த வண்டிம்மா?”

“உங்க வண்டிதாங்க. ஏரிக்கரையில நிக்குதே.”

அவர் ஜீப்பில் ஏறவில்லை. ஜமுனாமரத்தூர்வரை, அந்தக் கல்பாதையில், செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நடந்தே வந்தார். ஜீப் காலியாகப் பின்னால் வெகுதூரம் தள்ளி வந்தது.

9

சாலை அந்த ஆண்டு வரவில்லை. பரண் வைத்த வீடும் வரவில்லை. பேசவேண்டியவர் பேசவில்லை என்பதால் கோரிக்கை அப்படியே விழுந்தது. “மலையில மாட்டிக்கினு மல்லாந்துட்டாரு எம்மெல்லே” என்று அடிவாரத்துத் தேநீர்க் கடைகளில் சிரித்தார்கள். அடுத்த தேர்தலில் தோற்று, சைக்கிள் கடைக்கே திரும்பினார். ஜீப்பை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடித்து, தம் கடையில் நிறுத்தி, தாமே மஞ்சள் வண்ணம் அடித்தார். மஞ்சள் ஜீப்பைக் கண்டும் மலையில் கூவல் எழத்தான் செய்தது. ஆனால் புளியம்பாறை மேட்டிலிருந்து எழவில்லை. நான் மலையைவிட்டு வரும்வரை அந்த ஊரிலிருந்து நான்கைந்து பெண்கள் தாங்களாகவே ஜீப் ஏற ஏரிக்கரைக்கு வந்து நின்றார்கள். கூடவே ஒவ்வொரு முறையும் பொன்னி.

இன்று முற்பகலில், குறுக்கே நீண்ட அந்தக் கையின் முன்னால், என்னிடம் சொல் இல்லை. உறுப்பினரின் அட்டை கைப்பையில் இருந்தது. அழைத்திருந்தால் நிச்சயம் பேசியிருப்பார், அன்பாகவே. ஆனால் அவர் எங்கோ இருக்கிறார். நான் குனிந்து காலணிகளைக் கழற்றினேன். மாயைக் காட்டி வண்டியைக் காட்டினேன். என்னைக் காட்டித் தரையைக் காட்டினேன். காலணிகளை மாமியாரின் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் மலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டா, எனக்குத் தெரியாது. அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைக் கதவிலிருந்து எடுத்தார். காலணிகளை, வீட்டில் இருப்பதிலேயே உயரமான இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

இங்கே உட்கார்ந்தபிறகுதான் தணிகாசலம் எதைக் கொடுத்தார் என்பது தெரிகிறது. அவரை நாங்கள் எல்லாரும் தைரியசாலி என்று பேசிக்கொண்டோம். அது தைரியம் இல்லை. அவர் கீழே நடப்பது எதையும் அறியாமல், அதைக் கையால் தொடமுடியாமல், அந்தப் பெண்ணின் உயிருக்குப் பிணையாக உட்கார்ந்திருந்தார். இப்போது அந்த மருத்துவமனையில் ஒருவர் கைகழுவிக்கொண்டு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ! அங்கே சொல்ல ஒரு நர்ஸ் இருக்கிறாளா?

பள்ளி விட்டு ஷீலா வந்துவிட்டாள். எங்கள் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, திறந்திருந்த இந்தக் கதவில் வந்து நின்றாள்.

“அம்மா, வாட் ஆர் யூ டூயிங்? வேலைக்குப் போகல?”

“போகல. மாய் ஆஸ்பத்திரியில இருக்கா. அவ வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கணும்.”

“ஏன்? உன்னை யாரு இருக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

அவள் மாமியாரைப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் மேலே என் காலணிகளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்; அங்கே பயத்தைக் கண்டிருக்க வேண்டும். மண்டபத்தில் என் தலைப்பை இழுத்த அதே முகத்தோடு, இப்போதும் என்னை எழுப்பி அழைத்துப் போவாள் என்று நினைத்தேன்.

மாமியார் அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். இந்த வீட்டில் இன்று இன்னும் யாரும் சாப்பிடவில்லை. கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

தொலைபேசி இன்னும் ஒலிக்கவில்லை. ஷீலா புத்தகப் பையை இறக்கினாள். குனிந்து, முடிச்சை அவிழ்த்து, தன் காலணிகளைக் கழற்றினாள். ஃபிரிட்ஜ் அவளுக்கு எட்டவில்லை. அவற்றை மாமியாரிடம் நீட்டினாள்.